உச்சிக்கு வந்த நண்டுத்தீவு

அலையடங்கிய கரையும் அகலாத செழிப்பும் தென்கழி நாட்டுக்கு என்றும் உரியனவாகுக.

வெண்பனி சூழ்ந்த பொன்முடி நகரத்து அரியணையில் வீற்றிருப்பவரும், வடமீனைத் தலைக்கு மேல் அணையா விளக்காகக் கொண்டவரும், ஐங்கணவாய் வென்றவருமான நெடுவேள் ஆதிரனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் மழவன் கங்கன், முத்துக்கரையின் தலைவியும், இருட்கடலில் நாவாய்கள் நம்பி வரும் விளக்குக்கு உரியவருமான தென்கழிப் பேரரசி அலைவாய்ப் பெருந்தேவியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை.

தேவியாரின் உப்பளங்கள் வெளுத்துக் குவிக. வலைகள் கனத்துத் திரும்புக. இவ்வோலையும் தங்கள் நாட்டுப் பனையில் விளைந்ததே. எங்கள் மலைகளில் பனை முளைப்பதில்லை. எழுதுவதற்கு வேண்டிய ஓலையெல்லாம் தெற்கிலிருந்து பொதிமாடுகளில் ஏறி வருகிறது. இந்தச் செய்தியைத் தேவியார் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

நன்றி கூறவே இவ்வோலை. ஆயினும் நன்றி என்று ஒரு சொல்லை எழுதி முத்திரையிட்டு அனுப்பினால் போதாதென்றும், எதற்காக நன்றி என்பதை நம் முகம் சிவக்கும் இடங்களையும் விடாமல் எழுத வேண்டுமென்றும் எம் அரசர் ஆணையிட்டிருக்கிறார். அரசர் முகம் சிவக்கும் இடங்களை அரசரின் ஆணைப்படியே எழுதும் பேறு எல்லா ஓலைநாயகங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எங்கள் அரண்மனை முற்றத்தில் ஞாலக்கோளம் என்று ஒன்று உண்டு. உலகத்தின் வடிவாக வார்க்கப்பட்ட வெண்கல உருண்டை. உள்ளே காலியிடமின்றி ஆமணக்கெண்ணெய் நிரப்பியிருக்கும். கல்தொட்டியில் நிறைந்த நீரில் அது மிதக்கும். அதற்கு அச்சாணி கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். நாடுகளும் கடல்களும் அதன் மேல் உளியால் வரையப்பட்டிருக்கின்றன. வேனில் விழாவன்று விடியலில் அரசர் இரு கைகளாலும் அதைச் சுழற்றிவிடுவார். பக்கவாட்டில் பாயும் நீர்த்தாரைகள் அதை நண்பகல் வரை ஓயாமல் சுழல வைக்கும். நண்பகலில் எந்த நாடு உச்சியில் நிற்கிறதோ அதுவே நாடுகளின் தலை என்று முரசறையப்படும்.

தலைமுறை தலைமுறையாகப் பொன்முடியே உச்சியில் நின்றது. இதில் வியக்க ஒன்றுமில்லை. இடம்பெயராத வடமீன் எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து நிற்பதால், அரசர்கள் பொன்முடியை உச்சியில் வைத்துத்தான் கோளத்தைச் சுழற்றுவார்கள். எல்லாப் பக்கமும் சீராக வார்த்த உருண்டை வைத்தது வைத்தபடி சுழலும். எங்கள் மக்களோ அதை விதியின் தீர்ப்பு என்று சொல்லி ஆண்டுதோறும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். அவையோரும் விட்டோம்.

வந்த வினை வெற்றிகளால் வந்தது. எம் அரசரின் பாட்டனார் காலத்தில், போர் ஒன்று வென்றதும் கோளத்தில் பொன்முடி இருக்குமிடத்தில் ஒரு பொன் தகடு பதிக்கும் வழக்கம் தொடங்கியது. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் உருண்டை கவிழ்ந்துவிடும் என்பது வெண்கலம் வார்க்கும் கன்னாருக்குத் தெரியாததன்று. எனவே ஒவ்வொரு தகட்டுக்கும் ஈடாக அதே நிறையுள்ள ஈயத்தை, நேர் எதிர்ப்புறத்தில், எவரும் பெயர் வைக்காத கடலில் பதித்தார்கள். நிற்கும்போது கோளம் எந்தப் பக்கமும் சாயவில்லை. அத்துடன் சிக்கல் தீர்ந்ததென்று அனைவரும் நினைத்தார்கள்.

தீரவில்லை என்பதை அறிந்த ஒருவன் இருந்தான். அவன் பெயர் விடங்கன். கோளத்தின் காவலன், செதுக்குவேலைக்காரன். கரையோரங்களைப் புதுப்பித்து வரைவதும், வெண்கலத்தைப் புளி தேய்த்துத் துலக்குவதும், எண்ணெய் குறைந்தால் நிரப்புவதும் அவன் பணி. விழாவுக்கு முன்பு கோளத்தைச் சுழற்றிப் பார்க்கும் பொறுப்பும் அவனுடையதே. சில ஆண்டுகளாகவே, சுழலச் சுழலப் பொன்முடி உச்சியை விட்டு மெல்லச் சரிவதை அவன் கண்டான். ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை. விழாவன்றும் கூட்டம் பாட்டிலும் முரசிலும் மயங்கியிருக்கும் வேளை பார்த்து, துணி சுற்றிய துடுப்பால் பொன்முடியைத் தட்டி மேலேற்றிவிடுவான். இதை ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது, “பொன்முடி சரிகிறது” என்ற சொற்களை இந்த அரண்மனையில் எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

இவ்வாண்டு எம் அரசர் ஐங்கணவாயை வென்றார். இளம் அரசரின் முதல் வெற்றி. தகடும் அதற்கேற்ப, முன்னிருந்த தகடுகள் அனைத்தையும் மூடும் அளவுக்குப் பெரிதாக அடிக்கப்பட்டது. விழாவன்று விடியலில் அரசர் கோளத்தைச் சுழற்றினார். தங்கள் தூதர் இளங்கொற்றியார், மீன்பிடி எல்லை பற்றிப் பேச வந்திருந்த பெருமாட்டி, விருந்தினர் வரிசையில் அமர்ந்திருந்தார். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு கோளம் தள்ளாடத் தொடங்கியது. பொன்முடியின் தகடு வெயிலில் பளபளத்துக்கொண்டே, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, உச்சியிலிருந்து இறங்கியது. விடங்கன் துடுப்புடன் ஓடினான். இம்முறை ஒரு துடுப்புக்கு அது அடங்கவில்லை. நண்பகலில் பொன்முடி கோளத்தின் இடுப்பில் மற்ற ஊர்களோடு ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு சிறு புள்ளி அசையாமல் நின்றது.

அது தங்கள் நாட்டைச் சேர்ந்த நண்டுத்தீவு. அப்படி ஒரு தீவு இருப்பதே எங்கள் அவையில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அங்கே நண்டுகளும் உப்பு காய்ச்சுவோர் சிலரும் தவிர எவருமில்லை என்று இளங்கொற்றியார் பின்னர் சொன்னார். அந்த வேளையில் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தேவியாரே, அந்த இடத்தில் இருந்திருந்தால் எவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். எங்களுக்கு மட்டும் வரவில்லை.

படைத்தலைவர் சேந்தன் கூற்றனார் எழுந்தார். தென்கழியார் காவலனைக் கைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் தலைமையைத் திருடினார்கள் என்றும், தூதரின் சிரிப்பே அதற்குச் சான்று என்றும், விடங்கன் கோளத்தில் கைவைத்ததைக் காவலர்கள் கண்டார்கள் என்றும் முறையிட்டார். விடங்கனை இழுத்து வந்து கேட்டார்கள். அவன் மறைக்கவில்லை.

“தொட்டேன் சாமி. எறக்குறதுக்குத் தொடல, ஏத்துறதுக்குத்தான் தொட்டேன்” என்றான்.

அதை எவரும் நம்பவில்லை. கோளத்தைத் தொட்ட இரு கைகளையும் மறுநாள் துணிப்பதென்று தீர்ப்பாயிற்று. தெற்குக் கணவாய்க்குப் படை நகரவும் ஆணை பிறந்தது. தூதரைத் தீண்டுவது எங்கள் மரபன்று. ஆகவே அந்தி சாய்வதற்குள் நாட்டை விட்டு நீங்குமாறு இளங்கொற்றியாருக்குச் சொல்லி, குதிரையும் வழித்துணையும் தரப்பட்டன. விடங்கன் கொட்டடியில் அமர்ந்து தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உளி பிடிக்காத வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மனைவி சோறு கொண்டுவந்தாள். நாளை முதல் இவள்தான் ஊட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் ஒரு கவளமும் இறங்கவில்லை என்று பிற்பாடு எம்மிடம் சொன்னான்.

இனி வருவதற்காகவே இந்த நன்றி. குதிரையில் ஏறக் கால் வைத்த இளங்கொற்றியார், அந்தக் காவலனை என்ன செய்யப் போகிறார்கள் என்று குதிரைக்காரனிடம் கேட்டிருக்கிறார். அவன் சொன்னான். அவர் காலைக் கீழே வைத்து, சேணத்தை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, நேரே அவைக்குத் திரும்பி வந்தார். விடங்கன் அவருக்கு உற்றாரில்லை, ஊராரில்லை. ஒரு சொல்கூட அவர்கள் பேசிக்கொண்டதில்லை. போருக்கு எழுந்த ஓர் அவையின் நடுவில் தனியொருவராக நின்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

“அந்த மனிதன் சொன்னது உண்மை. அதை உங்கள் கண்முன்னே காட்டுகிறேன். காட்ட முடியாமல் போனால் அவன் கைகளோடு என் கைகளையும் வெட்டிவிடுங்கள்.”

எம் அரசர் இளைஞர். சினம் விரைந்து வரும். ஆனால் துணிவைக் கண்டால் மதிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. பேசுமாறு பணித்தார்.

இளங்கொற்றியார் தம் நாட்டு வான்கணியரிடம் கற்றதைப் பொறுமையாக எடுத்துரைத்தார். நிற்கும் உருண்டைக்கு ஒரு கணக்கு, சுழலும் உருண்டைக்கு வேறு கணக்கு என்றார். எதிரெதிராக எடை வைத்தால் நிற்கும்போது சரியாக நிற்கும். சுழலத் தொடங்கியதும், அதிகமான பாரம் சுழலும் அச்சை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போகும். சுற்றிச் சுற்றி ஆடும் சிறுமியின் பாவாடை விளிம்பு விரிவதைப் போல என்று விளக்கினார். உச்சி அச்சின் மேலேயே இருக்கிறது; இடுப்புதான் அச்சிலிருந்து மிகத் தொலைவு. ஆகவே கனத்த இடம் இடுப்புக்குத்தான் வந்து சேரும். உள்ளே இருக்கும் எண்ணெய் உட்சுவரோடு உரசி உருண்டையின் தள்ளாட்டத்தைத் தணிக்கிறது. தணியத் தணியக் கோளம் அந்த நிலைக்குச் சென்று அமர்கிறது என்றார்.

அப்படியானால் எங்கள் பொன் அச்சையே சாய்த்துவிட்டதா என்று படைத்தலைவர் கேட்டார். அச்சு சாயவில்லை, அது முன்போலவே வானை நோக்கி நேராக நிற்கிறது, அதன்மேல் உருண்டைதான் புரண்டுகொண்டது என்று அவர் விடை சொன்னார். இந்த வேறுபாடு எங்களில் பலருக்கு உடனே பிடிபடவில்லை. படைத்தலைவருக்கு இன்றும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

பிறகு அவர் சோதனையைப் படைத்தலைவர் கையிலேயே கொடுத்தார். தகடுகளைக் கழற்றி அவர் விரும்பும் நாட்டின் மேல் ஒட்டலாம் என்றும், அந்த நாடு இடுப்புக்கு வரும் என்றும் சொன்னார். சேந்தன் கூற்றனார் சிறிதும் யோசிக்கவில்லை. எல்லாப் பொன்னையும் நண்டுத்தீவின் தலையிலேயே ஏற்றுங்கள், அத்தனை ஆசையிருந்தால் அது சுமந்துகொண்டு உச்சியிலேயே கிடக்கட்டும் என்றார். இளங்கொற்றியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு என்ன விலை என்பதை அதற்குள் அவர் அறிந்திருந்தார்.

கன்னார் பொன்னை அரக்கால் நண்டுத்தீவில் ஒட்டி, ஈயத்தை எதிர்ப்புறம் ஒட்டினார்கள். நீர்த்தாரைகளைத் திறந்து அளவாக விட விடங்கனைத் தவிர வேறு ஆளில்லை. அவனை அழைத்து வந்து, கோளத்தைத் தொட முடியாதபடி கைகளைப் பின்னால் கட்டி, காலால் மடையைத் திறக்க வைத்தார்கள். நண்டுத்தீவை உச்சியில் நிறுத்தி அரசர் சுழற்றினார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நண்டுத்தீவு அசையாமல் உச்சியில் நின்றது. படைத்தலைவர் மீசையைத் தடவினார். இளங்கொற்றியாரின் நெற்றி வியர்த்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் கண்டார்கள். விடங்கன் கோளத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்காக வந்து இந்தப் பெண்ணும் கையை இழக்கப் போகிறாளே, பேசாமல் ஊருக்குப் போயிருக்கக் கூடாதா என்றுதான் அப்போது நினைத்ததாகச் சொன்னான். தன்னைப் பற்றிய அச்சம் அந்த வேளையில் அவனுக்கு மறந்தே போயிற்றாம்.

பிறகு கோளம் தள்ளாடியது. விடங்கனுக்குப் பழகிய தள்ளாட்டம் அது; எவரும் காணுமுன் அவன் கண்டுகொண்டான். பொன் சுமந்த நண்டுத்தீவு உச்சியை விட்டு நழுவியது. எவரும் தொடவில்லை, தொடக்கூடிய ஒரே மனிதனின் கைகள் கட்டப்பட்டிருந்தன. அது சுற்றிச் சுற்றி இறங்கி இடுப்பில் போய் நிலைத்தது. எம் அரசர் அரியணையை விட்டு எழுந்து, நீர் தேங்கிய தரையில் நடந்து போய், விடங்கனின் கட்டுகளைத் தம் கையாலேயே அவிழ்த்தார். தெற்கு நோக்கிச் சென்ற படையைத் திருப்பி அழைக்கக் குதிரை ஒன்று அப்போதே புறப்பட்டது.

அதன்பின் அரசர் தூதரைப் பார்த்து, பொன்முடி தானாகவே என்றும் உச்சியில் நிற்க வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் இளங்கொற்றியார். பொன்முடி இருக்குமிடத்திலும் அதன் நேர் எதிரிலும் வெண்கலத்தைச் சுரண்டி மெலிதாக்கினால் போதும், கனம் குறைந்த இடம் தானே உச்சிக்கு வந்துவிடும் என்றார். அரசர் கூட்டிக் கூட்டியே பழகிய குலத்தில் பிறந்தவர். குறைப்பது என்பதை அன்றுதான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்.

கோளம் மட்டுமன்று, நாம் வாழும் ஞாலமும் இவ்வாறே என்று இளங்கொற்றியார் சொன்னபோது அவை மீண்டும் கலங்கியது. ஞாலத்தின் உள்ளும் மெல்ல இளகும் தன்மை உடையது. எங்கேனும் மலைகள் குவிந்து பாரம் மிகுந்தால், அந்தப் பகுதி இடுப்பை நோக்கி நகரும்படி உருண்டை முழுவதும் புரளும். அப்போது அங்குள்ளோர் தலைக்கு மேல் நின்ற வடமீன் அடிவானை நோக்கி இறங்கியதாகக் காண்பார்கள். அஞ்ச வேண்டாம், ஓர் அரச குலமே தோன்றி மறையும் காலத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாகத்தான் நடக்கும் என்றும் தேற்றினார்.

இங்கேதான் தங்கள் பனை வருகிறது. நாங்கள் கல் வெட்டியெடுக்கும் குழியில் விசிறி வடிவம் பதிந்த பாறைகள் கிடைப்பதுண்டு. பனிமகளின் விசிறி என்று சொல்லிக் கும்பிடுவோம். அவற்றில் ஒன்று அரண்மனைச் சுவரில் இருக்கிறது. இளங்கொற்றியார் அதைக் கண்டதும் அருகே போய்த் தடவிப் பார்த்து, இது எங்கள் ஊர்ப் பனையோலை போலல்லவா இருக்கிறது என்றார். பனியைத் தவிர வேறொன்றும் விளையாத இந்த நிலம் எப்போதோ ஞாலத்தின் இடுப்பில் வெயில் காய்ந்திருக்கலாம். வேறெங்கோ பாரம் மிக, இது மேலே தள்ளப்பட்டிருக்கலாம் என்றார். குளிரும் வெயிலும் வேறு காரணங்களாலும் மாறும், ஆகவே இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எம் அரசர் அதை நம்பினார். நாங்கள் உச்சியில் பிறந்தவர்கள் என்று அத்தனை காலம் இறுமாந்திருந்தோம்; உங்களோடு ஒரே வெயிலில் கிடந்தவர்களாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணுவது, தேவியாரே, மனத்துக்கு எவ்வளவோ இதமாக இருக்கிறது.

வேண்டியதைக் கேளுங்கள் என்று அரசர் சொன்னதற்கு, இளங்கொற்றியார் அந்த விசிறிப் பாறையைத் தங்களிடம் காட்டக் கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டார். அது இவ்வோலையுடன் வண்டியில் வருகிறது. பனையோலையில் எழுதிய நன்றியோடு கல்லாய்ப் போன பனையோலையையும் தேவியார் ஏற்றருள வேண்டுகிறோம்.

விடங்கனும் ஒரு செய்தி சொல்லியிருக்கிறான். மெருகேற்றாமல் அவன் சொன்னபடியே எழுதுமாறு அரசர் ஆணை.

“ராணியம்மாவுக்கு நான் என்னத்தச் சொல்ல. காலையில எந்திரிச்சதும் கையத்தான் பாக்குறேன். பாக்குறப்பல்லாம் அந்தம்மாவ நெனச்சுக்குவேன்னு எழுதுங்க.”

எம் அரசரின் ஆணைகள் இவை. இனி ஞாலக்கோளத்தில் எந்த வெற்றிக்கும் தகடு பதிக்கப்படாது. பொன்முடிக்காக அதைச் சுரண்டவும் வேண்டாம். சீரான உருண்டையாகவே இருக்கட்டும், யார் எப்படி வைத்துச் சுழற்றுகிறார்களோ அப்படியே சுழலட்டும். அடுத்த வேனில் விழாவில் அதைச் சுழற்றும் கைகள் தேவியாருடையவையாக இருக்க வேண்டும் என்பது அரசரின் விண்ணப்பம், இது ஆணையன்று. மீன்பிடி எல்லை, தங்கள் தூதர் கேட்ட இடத்திலேயே நாட்டப்படும். இளங்கொற்றியார் செல்லும் வழியெங்கும் எங்கள் காவலர் அவரை எம் அரசரின் உடன்பிறந்தாராகவே எண்ணி நடத்துவார்கள். கழற்றிய பொன்னில் ஒரு பகுதியை உருக்கிப் புதிய அரச முத்திரை வார்த்திருக்கிறோம். பழைய முத்திரையில் கோளத்தின் உச்சியில் பொன்முடி இருந்தது தேவியாருக்கு நினைவிருக்கும்.

ஞாயிறும் திங்களும் போல நம் இரு நாடுகளும் ஒரே வானில் உலவுக. இவ்வோலைக்கு அரச முத்திரை இடப்பட்டது. பொறிப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று தேவியார் எண்ண வேண்டாம். அதன் உச்சியில் இருக்கும் சிறு புள்ளி நண்டுத்தீவு; எங்கள் ஊர் இடுப்பில் இருக்கிறது. பொறித்தவை விடங்கனின் கைகள்.